ஷீட் கூரை ஒழுகுகிறது, பாக்கிப் பணம் கொடுக்கலாமா? அவசரம்

குமார்_மாடிவீடு (காலை 9.40)
வணக்கம். மாடியில் ஷீட் போட்டு ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஒழுகுகிறது. போட்ட காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் "அது ஒழுகல் இல்லை சார், ஷீட் வேர்க்கிறது" என்கிறார். என் கையில் 40,000 பாக்கி இருக்கிறது, அதைக் கொடுத்தால்தான் வந்து பார்ப்பாராம். இது போதாதென்று நேற்று ராத்திரி வெல்டர் வாசலில் வந்து நிற்கிறார். அவருக்குக் கூலி 18,000 வரவில்லையாம், பாக்கியைத் தன்னிடமே கொடுத்துவிடச் சொல்கிறார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். கொடுக்கலாமா வேண்டாமா? ஒழுகலை எப்படி நிறுத்துவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்வி_மதுரை (9.52)
எந்த ஊர்? எங்கே ஒழுகுகிறது, ஸ்க்ரூ பக்கமா, ஷீட் சேரும் இடத்திலா, சுவர் ஓரத்திலா? எல்லா மழைக்குமா?

மூத்தபொறியாளர் (9.58)
படம் இல்லை, அளவு இல்லை, வாட்டம் எவ்வளவு என்று இல்லை, ஆனால் ஆறு மணிக்குள் தீர்ப்பு வேண்டும். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள்" என்றால் கொடுப்பாரா? 38 வருஷம் கட்டுமானத்தில் இருந்தவன் சொல்கிறேன், நூற்றுக்குத் தொண்ணூறு கூரை ஒழுகுவது வாட்டம் இல்லாததால்தான். பத்தடிக்கு ஒரு அடியாவது சரிவு இருக்க வேண்டும். அதை அளக்காமல் இங்கே யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பாலா90 (10.05)
ப்ரோ, ஷீட்டின் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள், முடிந்தது கதை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

செல்வி_மதுரை (10.09)
@பாலா90 அடித்து எத்தனை மழை ஆயிற்று?

பாலா90 (10.11)
போன வாரம்தான் அடித்தோம்.

ஷீட்பட்டறை (10.30)
நான் இதே தொழில்தான், ஷீட் ஷெட் வேலை. முதலில் ஒன்று சொல்லுங்கள் சார், சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசினீர்கள்? எத்தனை எம்.எம். ஷீட் என்று எழுதி வாங்கினீர்களா?

குமார்_மாடிவீடு (10.48)
660 சதுர அடி, 195 ரூபாய். மொத்தம் 1,28,700. 88,700 கொடுத்தாயிற்று. அரை எம்.எம். என்றுதான் பேச்சு. கொட்டேஷன் என்று எதுவும் இல்லை, டைரித் தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஷீட்கள் சேரும் இடத்தில்தான் சொட்டுகிறது, வரிசையாக. ஸ்க்ரூவிலும் இருக்கலாம், தெரியவில்லை.

மூத்தபொறியாளர் (10.55)
வாட்டம் எவ்வளவு என்று இன்னும் பதில் வரவில்லை.

ஷீட்பட்டறை (11.10)
195க்கு அரை எம்.எம். ஷீட், பைப், வெல்டிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து என்றால் எனக்குக் கட்டுப்படியாகாது சார். நான் 230 சொல்வேன், "இன்னொருத்தர் 195க்குத் தருகிறார்" என்று நீங்கள் போய்விடுவீர்கள். அந்த 35 ரூபாயை அவர் சட்டைப்பையிலிருந்தா போடுவார்? கொஞ்சம் ஷீட்டின் கனத்தில் குறையும், மீதி வெல்டர் கூலியில் குறையும். உங்கள் வாசலில் வந்து நிற்கிறாரே, அவர்தான் அந்தத் தள்ளுபடி.

வேலை முடிந்து வெட்டிப்போட்ட துண்டு ஏதாவது மாடியில் கிடக்கும், தேடுங்கள். மடிப்போடு சேர்த்து டேப்பை வளைத்து அளந்து ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, சமையல் தராசில் வையுங்கள். பெயிண்ட் எல்லாம் சேர்த்து 0.50 ஷீட் என்றால் 340, 350 கிராம் வரும். 0.35 என்றால் 240 பக்கம்தான். லேத் பட்டறையில் ஸ்க்ரூ கேஜ் இருந்தால் இன்னும் துல்லியம்.

நாட்டுஓடு (11.22)
இதற்குத்தான் ஓடு போடச் சொல்வது. சூடு இல்லை, மழை விழுந்தால் தகரம் அடிக்கிற மாதிரி சத்தம் இல்லை, உடைந்தால் அந்த ஒரு ஓடு மட்டும் மாற்றினால் போதும். ஷீட் ஷெட்டில் சித்திரை வெயிலில் உட்கார்ந்து பாருங்கள், இட்லிப் பானைக்குள் இருப்பது போல இருக்கும்.

பாலா90 (11.25)
ஓட்டில் குரங்கு ஏறினால்? ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் சூடும் குறைவு, சத்தமும் குறைவு, விலையும் குறைவு.

செல்வி_மதுரை (11.31)
ஐயோ, ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். அதை அறுக்கும்போது பறக்கிற தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பது எப்போதோ உறுதியான விஷயம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தடை செய்துவிட்டார்கள்.

பாலா90 (11.34)
நம் நாட்டில் தடை இல்லையே. எங்கள் தாத்தா அதன் கீழேதான் எண்பது வயது வரை இருந்தார்.

நாட்டுஓடு (11.36)
உங்கள் தாத்தா அதை அறுத்தாரா, அடியில் உட்கார்ந்திருந்தாரா? அறுத்த ஆளின் கதையை யார் கேட்டது?

பாலா90 (11.41)
நீங்கள் ஓடு வியாபாரியா?

செல்வி_மதுரை (11.50)
இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள். குமார் சார், எந்த ஊர் என்று காலையிலேயே கேட்டேன்.

குமார்_மாடிவீடு (12.20)
மன்னிக்கவும், ஆபீஸில் இருக்கிறேன். செங்கோட்டை பக்கம். துண்டு கிடைத்தது, வீட்டம்மா எடை போட்டுப் பார்த்தாள், 270 கிராம். வாட்டம் பத்தடிக்கு ஒன்றேகால் அடி இருக்கிறது. ஐப்பசிக் கடைசியில் வேலை முடிந்தது, அதற்கப்புறம் பெய்த அடைமழையில் ஒரு சொட்டு விழவில்லை. இப்போது பதினைந்து நாளாகத்தான்.

ஷீட்பட்டறை (12.34)
270 என்றால் 0.40 ஷீட். ஏமாற்றுதான். ஆனால் கனம் குறைந்ததால் ஒழுகாது சார், அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. சாயங்காலம் இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஆரியங்காவு_காற்று (12.41)
செங்கோட்டை என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும் அண்ணா, நானும் அந்தப் பக்கம்தான். ஐப்பசி, கார்த்திகை மழை நேராக விழும். இப்போது பெய்வது சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும், குடையைப் பிடித்தால் குடை நம்மைப் பிடித்துக்கொண்டு போகும். தெற்கே ஆரல்வாய்மொழி கணவாயை ஒட்டி முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதும் இந்த மாதிரிக் காற்றை நம்பித்தான். மழை மேலிருந்து வரவில்லை, படுக்கையாக வருகிறது.

ஒரே கேள்வி: ஷீட்டை எந்தப் பக்கத்திலிருந்து போட ஆரம்பித்தார்கள்?

குமார்_மாடிவீடு (1.05)
மேற்கிலிருந்து. மாடிப்படி அந்தப் பக்கம், அங்கேதான் ஷீட்டை ஏற்றினார்கள். ஏன்?

ஆரியங்காவு_காற்று (1.16)
அதுதான் காரணம். மேற்கில் முதல் ஷீட் போட்டு, அடுத்ததை அதன்மேல் ஏற்றி, அப்படியே கிழக்கே போனால் ஒவ்வொரு ஷீட்டின் விளிம்பும் மேற்கே பார்த்து வாய் திறந்திருக்கும். காற்று அந்த வாய்க்குள் தண்ணீரை ஊட்டிவிடும். காற்று வரும் திசைக்கு எதிர்க்கோடியில் ஆரம்பிக்க வேண்டும், இங்கே கிழக்கில். வெளியூர் வெல்டருக்கு இது தெரியாது, படி எங்கே இருக்கிறதோ அங்கே ஆரம்பிப்பார்.

வேர்வை என்பது சும்மா. ஷீட் வேர்ப்பது மார்கழி, தை மாதம் வானம் தெளிந்திருக்கும் விடியலில், அதுவும் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நிற்கும். ஆனி மாதம் மேகம் மூடிக்கிடக்கும்போது மத்தியானம் வரிசையாகச் சொட்டினால் அது ஒழுகல்தான்.

மூத்தபொறியாளர் (1.30)
சாரல் என்றால் காற்றின் திசை முக்கியம் என்பது எந்த முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும். ஆனாலும் வாட்டத்தை அளப்பது அடிப்படை.

செல்வி_மதுரை (1.33)
அளந்து சொல்லிவிட்டாரே சார், ஒன்றேகால் அடி.

ஷீட்பட்டறை (1.50)
தம்பி சொல்வது சரி, எனக்கு இங்கே அந்தக் காற்று இல்லாததால் தோன்றவில்லை. எதற்கும் சோதித்துவிடுங்கள் சார். மழை விட்ட நேரத்தில் ஓஸ் பைப்பை எடுத்து, கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், ஒரு இடத்துக்குப் பத்து நிமிஷம், ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே இறங்குகிறது என்றே தெரியாது. ஸ்க்ரூ வாஷரையும் பாருங்கள், ரப்பர் நாக்கு நீட்டின மாதிரி பிதுங்கியிருந்தால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டார்கள், அதை மாற்ற வேண்டும்.

சரிசெய்ய எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. சேரும் இடத்தைக் கொஞ்சம் தளர்த்தி உள்ளே பியூட்டைல் டேப் (பசைபோல ஒட்டிக்கொள்கிற ரப்பர் நாடா) ஓட்டி, மேட்டின் மேல் ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் வாய் மூடிவிடும். மேலே சிலிகான் பூசித் தருகிறேன் என்பார், விடாதீர்கள். அதிலும் வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் என்றால் ஷீட்டின் பூச்சையே தின்றுவிடும்.

வழக்குக்கட்டு (2.25)
பணத்துக்கு வருகிறேன். வெல்டர்மேல் இரக்கம் இருந்தாலும் தனியாக அவர் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் காண்ட்ராக்டரோடு. நாளைக்கு அவர் "எனக்கு 40,000 வரவில்லை" என்றால் நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வருகிறார்கள், நல்லதாகப் போயிற்று. "என் பாக்கியிலிருந்து 18,000 ரூபாயை இவருக்குக் கொடுக்கச் சம்மதம்" என்று காண்ட்ராக்டரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில் போகட்டும், கையில் வேண்டாம்.

ஒழுகல் நிற்கும் வரை ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள். மசியவில்லை என்றால் குறையைத் தேதியோடு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், வாட்ஸாப்பிலும் போடுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதியலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அந்த டைரித் தாளையும் 270 கிராம் துண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பாலா90 (2.40)
40,000க்குக் கோர்ட்டா? பேசி முடியுங்கள் ப்ரோ.

வழக்குக்கட்டு (2.44)
பேசி முடிக்கத்தான் இத்தனையும் சொன்னேன்.

செல்வி_மதுரை (இரவு 9.15)
குமார் சார், ஆறு மணி ஆகி மூன்று மணி நேரம் ஆயிற்று. என்ன நடந்தது?

நாட்டுஓடு (மறுநாள்)
ஆளைக் காணோம். பணத்தைக் கொடுத்துவிட்டார் போல.

குமார்_மாடிவீடு (பதினோரு நாள் கழித்து)
எல்லோருக்கும் நன்றி, வேலை மும்முரம், எழுத முடியவில்லை. ஓஸ் வைத்துப் பார்த்ததில் சேரும் இடம்தான். துண்டைத் தராசோடு மேஜையில் வைத்ததும் காண்ட்ராக்டர் வேர்வைப் பேச்சை விட்டுவிட்டார், ஷீட்டுக்கு வேர்க்கவில்லை, அவருக்குத்தான். கனம் குறைந்ததற்கு 9,000 கழித்துக்கொண்டார். வெல்டருக்கு 18,000 எழுதி வாங்கிக் கணக்கில் போட்டேன், அவரே வந்து டேப் ஓட்டினார். மீதி 13,000 என்னிடம் இருக்கிறது, ஆடி முடிந்து தருவதாகப் பேச்சு. முந்தாநாள் சாரலில் எல்லா இடமும் காய்ந்திருந்தது, படிக்கட்டு அறைச் சுவர் ஓரத்தில் மட்டும் இன்னும் சொட்டுகிறது.

ஆரியங்காவு_காற்று
அந்தச் சுவரில் ஃப்ளாஷிங் தகடு (ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தை மூடுகிற தகடு) வைத்திருக்கிறார்களா, சும்மா சிமென்ட் பூசியிருக்கிறார்களா அண்ணா? ஒரு படம் போடுங்கள்.

மூத்தபொறியாளர்
படம் போடச் சொல்லி முதல் நாளே சொன்னேன்.