கடலூர் ஊர்களின் பரவல்: தொலைதூரத் தொடர்பை அளக்க உதவி தேவை

வணக்கம். கடலூர் மாவட்ட ஊர்களைப் புள்ளிகளாகக் குறித்து, ஓர் ஊரின் இருப்பு எவ்வளவு தூரம் வரை இன்னோர் ஊரோடு தொடர்புகொண்டிருக்கிறது என்று அளந்து பார்க்கிறேன். அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாநில எல்லையோடு வெட்டினால் பாகூர்ப் பக்கம் பொய்யான வெற்றிடம் வந்துவிடும் என்பதால் புதுச்சேரி ஊர்களையும் சேர்த்திருக்கிறேன்.

ரிப்ளியின் கே சார்பு (ஓர் ஊரைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சராசரியாக எத்தனை ஊர்கள் என்பதை ஒட்டுமொத்த அடர்த்தியோடு ஒப்பிட்டுக் காட்டும் அளவு) குறுகிய தூரத்துக்குத் தெளிவாக வருகிறது. சிக்கல் தூரம் கூடும்போதுதான். ஆற்றுப் பாசனப் பகுதிகளில் ஊர்கள் நெருக்கம்; நெய்வேலிச் சுரங்கத்துக்குள் ஊரே இல்லை. இந்த அடர்த்தி வேறுபாடுதான் நீண்ட தொடர்பு போலத் தெரிகிறதோ என்று சந்தேகம். இடத்துக்கு இடம் மாறும் அடர்த்தியைக் கணக்கில் கொள்ளும் கே சார்பை எடுத்தால், அடர்த்தியை மென்மையாக்கும் அகலத்தை (ஓர் இடத்தின் அடர்த்தியைக் கணிக்கச் சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்ப்பது என்பதை) எவ்வளவு வைப்பது? ரொம்பக் குறைத்தால் உண்மையான தொடர்பும் சேர்ந்து கரைந்துவிடும். அப்புறம், கிழக்கு எல்லையைக் கடற்கரையோடு நிறுத்தினால் போதும்தானே? ஸ்பாட்ஸ்டாட்டில் (புள்ளிப் பரவலை ஆராய ஆர் மொழியில் உள்ள நிரல்தொகுப்பு) செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.