புதுப்பிப்பு: தொங்கு ஹீட்டர் ஏன் அணைந்தது என்று தெரிந்துவிட்டது

இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்கள் கிடங்கின் கூரையில் தொங்கும் கேஸ் ஹீட்டர் அடிக்கடி அணைகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். கோளாறு ஹீட்டரில் இல்லை, வெல்டிங் மூலையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனால் வந்தது.

எரிவதற்கான காற்றை அறைக்குள்ளிருந்தே எடுக்கும் வகை எங்கள் ஹீட்டர். ஃபேன் காற்றை வெளியே இழுக்க, குழாய் வழியாக மேலே போகவேண்டிய புகை உள்ளே திரும்பியிருக்கிறது, ஹீட்டரும் அதனால்தான் அணைந்திருக்கிறது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கலாம் என்றதும் கை நடுங்கிவிட்டது. கீழே 12 பேர் வேலை செய்கிறார்கள். அன்றே ஹீட்டரை நிறுத்தினோம்.

கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவும் வணிகக் கட்டட வேலைக்கான தகுதியும் உள்ள ஒருவர், வெளிக்காற்றையே எடுத்து வெளியிலேயே புகைவிடும் மூடிய வகையை மாட்டித்தந்தார். அப்புறம் சூடான காற்றைத் திருப்பிவிடும் லூவர் தகடுகளைக் கீழ்நோக்கிச் சாய்த்தார். சூடு இப்போது தரைவரை வருகிறது. கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைத்தாயிற்று.

ஃபேனை நிறுத்திப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு மிக்க நன்றி, அங்கேதான் பிடி கிடைத்தது.