மலையாளப் படங்களில் தெரிவது யாருடைய கேரளம்?

மலைநாடன்:
மண்ணோடு ஒட்டிய சினிமா என்றால் மலையாளம்தான். 2018இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ பாருங்கள். மலப்புறத்துக்கு செவன்ஸ் கால்பந்து (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) ஆட வந்த நைஜீரியப் பையன் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். அவனைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அம்மாக்களாக நடித்தவர்கள் சாவித்ரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும், கோழிக்கோட்டு நாடக மேடையில் ஊறியவர்கள். மலபார் பேச்சு அவர்கள் வாயில் தானாக வருகிறது. மொழி தெரியாத பையனிடமும் அதே பேச்சுதான். ஓர் ஊரை அந்த ஊர்ச் சனங்களை வைத்தே காட்ட வேறு யாருக்கு வரும்?

கடலோடி:
அந்தப் படம் எனக்கும் உயிர், அண்ணா. ஆனால் எத்தனை வருடம் கேரளம் என்றாலே தறவாடு என்கிற பழைய மேல்சாதிக் குடும்ப வீடும், தம்புரான் என்கிற அந்த வீட்டுப் பிரபுவும்தானே? 1993இல் ‘தேவாசுரம்’, 1997இல் ‘ஆறாம் தம்புரான்’, இரண்டுக்கும் ஒற்றப்பாலம் பக்கத்து வரிக்காசேரி மனைதான் வீடு. அந்தப் பக்கத்து வள்ளுவநாட்டுப் பேச்சு நாயகனுக்கு, திருவனந்தபுரம் பேச்சு சிரிப்புக் காட்சிக்கு. அப்புறம், முதல் மலையாளப் படத்தின் நாயகி பி. கே. ரோசி? தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தவர் திரும்ப நடிக்கவே இல்லை.

மலைநாடன்:
ரோசிக்கு நடந்தது கொடுமை, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் தம்புரான் படங்களுக்கு வெகுகாலம் முன்பே, 1954இல், ‘நீலக்குயில்’ தீண்டாமையைக் கதையாக எடுத்தது. மற்றவர்கள் இந்தி மெட்டுகளைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தபோது, கே. ராகவன் மலபார் முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டின் சாயலில் மெட்டுப் போட்டு, தானே பாடினார். அந்த வேர்தான் இன்று துளிர்க்கிறது.

கடலோடி:
பாட்டு சரி. கதையில் என்ன ஆகிறது? தலித் நாயகி நீலி செத்துப்போகிறாள். அவள் பிள்ளையை எடுத்து வளர்ப்பவர் நாயர் தபால்காரர். நல்லவர்தான், ஆனால் படம் அவர் பக்கம் போய்விடுகிறது.

தேன்மொழி:
2016இல் ‘கம்மட்டிப்பாடம்’ வந்ததே? எர்ணாகுளத்து வயல்கள் அடுக்குமாடிகளான கதை. தலித் இளைஞன் கங்காவாக நடித்த விநாயகனுக்கு மாநில விருதும் கிடைத்தது.

கடலோடி:
கங்கா கண்ணுக்குள்ளேயே நிற்கிறான், தோழி. ஆனால் அதிலும் கங்காவைத் தேடி அலைபவன் தலித் அல்லாத நண்பன் கிருஷ்ணன். அவன் நினைவு வழியாகத்தான் கங்கா நமக்குக் கிடைக்கிறான். கங்காவே தன் வயலைப் பற்றிப் பேசும் படம் வரட்டும், முதல் நாளே டிக்கெட் எடுக்கிறேன்.