அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்புறம் துதிக்க வரலன்னு கேட்டிருந்தேனே, அதோட அப்டேட்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதுசா படிக்கிறவங்களுக்கு: அப்பாவுக்கு பேச்சு போயிடுச்சு, சர்ச்ல பாட்டு ஆரம்பிச்சாலே எனக்கு தொண்டை அடைக்குது, பொய்யா துதிக்கிற மாதிரி இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்.

எதுவும் விளையாம போனாலும் கர்த்தருக்குள்ள மகிழ்வேன்னு பைபிள்ல வர்ற ஆபகூக் 3:17-18, இயேசுவைப் பத்தி பிரசங்கம் பண்ண பவுலும் சீலாவும் சிறையில அடிபட்டும் பாடினதுன்னு நிறைய பேர் சொன்னீங்க, படிச்சேன், ஆனா அப்போ குற்ற உணர்ச்சிதான் கூடுச்சு. வேலை செஞ்சது ஒரு அக்கா சொன்ன சங்கீதம் 13, பைபிள்ல இருக்கிற ஜெபப் பாட்டுகள்ல ஒண்ணு. மொத்தமே 6 வசனம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு கேள்வியிலதான் ஆரம்பிக்குது, அவரைப் பாடுவேன்னு முடியுது. தினமும் ராத்திரி சத்தமா படிச்சேன், முதல் வாரம் புலம்பல் முடியுற நாலாவது வசனத்தை தாண்டவே இல்ல, அங்கயே நிறுத்திட்டு படுத்துடுவேன். 88ஆம் சங்கீதமும் படிங்க, அது கடைசி வரைக்கும் இருட்டுலயே முடியுது, அப்படி ஒரு ஜெபமும் பைபிள்ல இருக்குன்னு தெரிஞ்சதே பெரிய ஆறுதல்.

எதிர்பாராதது இதுதான். மூணாவது வாரம் அப்பா பக்கத்துல உக்காந்து பழைய கீர்த்தனை ஒண்ணை முணுமுணுத்தேன், தண்ணின்னு கூட கேக்க முடியாதவரு ரெண்டாவது அடியை வார்த்தையோட பாடிட்டாரு!! அம்மா அடுப்பை அணைக்காம ஓடி வந்தாங்க. அற்புதமான்னு ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட கேட்டோம், மூளையோட இடது பக்கம் அடிபட்டு பேச்சு போனவங்க சில பேருக்கு பாட்டு மட்டும் வரும், அதை வெச்சே பயிற்சி கொடுக்கலாம்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பேச்சு இன்னும் திரும்பல. சாயங்காலம் ரெண்டு பேரும் பாடுறோம், நான்தான் ஸ்ருதி விடுறேன்.