ட்ரினிடாட்ல பெப்பர் சாஸ் பேருக்கு ட்ரேட்மார்க் எடுக்கணும், பிசினஸ் நேம் பதிஞ்சது போதாதா?

சகுவானாஸ்_செல்வா:

வணக்கம் மக்களே, ட்ரினிடாட்ல இருக்கறவங்க யாராச்சும் பாத்தா கொஞ்சம் வழி சொல்லுங்க. நானும் வீட்டம்மாவும் சகுவானாஸ்ல இருக்கோம், மூணு வருசமா அவங்க பெப்பர் சாஸ் போடறாங்க. மொருகா ஸ்கார்ப்பியன் மிளகா, ஷேடோ பெனி (கொத்தமல்லி வாசன அடிக்கற இல), பூண்டு, கடுகு, கூடவே வெந்தயம் கொஞ்சம் வறுத்துப் பொடிச்சு சேப்பாங்க, அதான் எங்க ருசி. "மொருகா ஃபயர்"னு பேரு வச்சு ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் ஆபீஸ்ல பிசினஸ் நேமும் பதிஞ்சாச்சு, சர்ட்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு சமையக்கட்டுல மாட்டியிருக்கோம்.

வாரம் 40 பாட்டில் எடுத்துட்டு இருந்த ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் திடீர்னு நிறுத்திட்டாரு. சரி வியாபாரம் டல்லு போலன்னு விட்டுட்டோம். போன வாரம் சான் பெர்னாண்டோல ஒரு கடைக்குப் போனா ஷெல்ஃப்ல "மொருகா ஃபயர் ஒரிஜினல்"னு நிக்குது, அதே பச்ச மூடி, அதே மஞ்ச லேபிள். ஒரிஜினலாம்! இதுல கொடும என்னன்னா எங்க முதல் லேபிள்ல வினிகருக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, அந்த தப்பு கூட அப்படியே இருக்கு, காப்பி அடிச்சவன் பேரையும் சேத்து எழுதின மாதிரி. போன் பண்ணிக் கேட்டா, நான் ட்ரேட்மார்க்குக்கு போட்டாச்சு, உன்கிட்ட இருக்கறது வெறும் பிசினஸ் நேம்தானே, பேரு இனி என்னுதுங்கறாரு. நெஜமாவா? நாங்க காசு கட்டி பதிஞ்சதுக்கு மதிப்பே இல்லையா? அடுத்த வருசம் கயானாவுக்கும் டொரான்டோவுக்கும் அனுப்பலாம்னு வேற இருந்தோம்.

பழைய_குமாஸ்தா:

செல்வா தம்பி, மொதல்ல அந்த ஆளு சொன்னத அப்படியே நம்பாதீங்க. நான் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப காலம் ட்ரேட்மார்க் ஃபைல் பாத்தவன், "போட்டாச்சு"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு ஃபார்ம கண்ணால கூட பாத்திருக்க மாட்டாங்க.

பிசினஸ் நேம்ங்கறது இந்தப் பேர்ல யாவாரம் பண்றது யாருன்னு அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்துறது, அவ்ளோதான். அந்தப் பேர வேற எவனும் பாட்டில்ல ஒட்டக்கூடாதுன்னு தடுக்கற உரிமை அதுல வராது. கம்பெனியா பதிஞ்சிருந்தாலும் இதே கததான். தடுக்கற உரிமைக்கு இன்டலெக்சுவல் ப்ராப்பர்ட்டி ஆபீஸ்லதான் போடணும், ரெண்டும் வேற வேற ரெஜிஸ்டர். இங்க இப்ப ஓடறது 2015 ட்ரேட்மார்க் சட்டம். விண்ணப்பிச்ச தேதிலருந்து 10 வருசம், அப்புறம் பத்து பத்து வருசமா புதுப்பிச்சுக்கிட்டே போலாம், ட்ரினிடாட் டொபேகோ ரெண்டு தீவுக்கும் ஒரே பதிவு.

நாளைக்கே போயி ரெஜிஸ்டர்ல தேடச் சொல்லுங்க. அவர் போட்டிருந்தா, ஆபீஸ் பரிசோதிச்சு ஏத்துக்கிட்டாலும் பொதுவுல வெளியிடுவாங்க, அப்ப கெடு முடியறதுக்குள்ள நீங்க எதிர்ப்பு கொடுக்கலாம். மூணு வருசமா நான் விக்கறேன், என்கிட்ட சரக்கு வாங்கினவரே கெட்ட எண்ணத்தோட என் சாஸ் பேர அவர் பேருக்குப் போட்டுட்டாருன்னு. அதுக்கு சாட்சி வேணும். பழைய பில், பிரிண்டர் கொடுத்த ரசீது, தேதியோட எடுத்த சந்தைப் போட்டோ, அவர் "40 அனுப்பு"ன்னு போட்ட வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க. அந்த எழுத்து விட்டுப்போன லேபிள் இருக்கே, அத தங்கம் மாதிரி வச்சுக்கோங்க, தப்பையும் சேத்து ஒருத்தன் தற்செயலா யோசிக்க முடியாதுல்ல.

கூவா_மணி:

அண்ணே, பதிவே இல்லாம கேஸ் போட முடியாதா? பாஸிங் ஆஃப்னு ஒன்னு சொல்வாங்களே.

பழைய_குமாஸ்தா:

முடியும் மணி. இங்க இங்கிலீஷ் காமன் லா, அதாவது கோர்ட் தீர்ப்பு வழியா வந்த சட்டம். மூணு விசயம் காட்டணும்: உங்க சரக்குக்கு ஜனங்ககிட்ட பேரு இருக்கு, அவன் சரக்க உங்களுதுன்னு நம்ப வைக்கிறான், அதுல உங்களுக்கு நஷ்டம். 1990ல லண்டன்ல ஜிஃப் லெமன் கேஸ் வந்துச்சு, எலுமிச்சம்பழ வடிவத்துல பிளாஸ்டிக் டப்பால ஜூஸ் விக்கற கம்பெனி, இன்னொருத்தன் அதே மாதிரி டப்பா போட்டதுக்கு தடை வாங்கிட்டாங்க. வடிவத்துக்கே அப்படின்னா உங்க பச்ச மூடி மஞ்ச லேபிளுக்கும் வாதம் இருக்கு. ஆனா சந்தைல மூணு வருசம் வித்தவங்க "ஊருக்கே எங்களத் தெரியும்"னு நிரூபிக்கறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். செலவும் அதிகம், கடைசி அப்பீல் இன்னும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகுது. கரீபியன் கோர்ட் ஆஃப் ஜஸ்டிஸ் போர்ட் ஆஃப் ஸ்பெயின்லயே உக்காந்திருக்கு, அப்பீலுக்கு மட்டும் நாம பிளேன் ஏறணும். பதிவு சர்ட்டிபிகேட் கைல இருந்தா இந்தப் பாடு இல்ல. போலி சரக்கு வெளிநாட்லருந்து எறங்குச்சுன்னா துறைமுகத்துல நிறுத்தச் சொல்லி கஸ்டம்ஸ்ல கேக்கறதுக்கும் அதான் தெம்பு.

ஆனா தம்பி, ஒன்னு சொல்றேன் கோச்சுக்காதீங்க. உங்க பேரே சரியில்ல. மொருகா தெக்கால இருக்கற ஊரு. 2012ல நியூ மெக்சிகோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க மொருகா ஸ்கார்ப்பியன டெஸ்ட் பண்ணி, சில காய் 20 லட்சம் ஸ்கோவில் (காரத்த அளக்கற கணக்கு) தாண்டுதுன்னு சொன்னதுலருந்து அந்த மிளகாக்கு உலகம் பூரா பேரு. ஃபயர்னா காரம். மொருகா மிளகால போட்ட காரமான சாஸுன்னு பேர்லயே சொல்லிட்டா அத ஒருத்தர் பேருக்கு எழுதிக் கொடுக்க ஆபீஸ் யோசிக்கும், நாளைக்கு மொருகால இருக்கற விவசாயி அவர் பாட்டில்ல ஊர் பேரு போடக்கூடாதா? உங்களுக்கு கெடைக்கறது கஷ்டம்னா அந்த ஆளுக்கும் கஷ்டம்தான், அது ஒரு ஆறுதல்.

டெக்_பிரபா:

கொஞ்சம் சைட்ல போறேன் மன்னிக்கணும். ட்ரினிடாட் ரெஜிஸ்டர் லேசுப்பட்டது இல்ல, ஐஃபோன் பேர அமெரிக்கால போடறதுக்கு முன்னாடி ஆப்பிள் இங்கதான் போட்டுச்சு தெரியுமா! 2006 மார்ச் 27 இங்க போட்டாங்க, வெளிநாட்டுக்காரன் ஆன்லைன்ல தேடிப் பாக்க முடியாதுங்கற தைரியம். பாரிஸ் கன்வென்ஷன் படி ஒரு நாட்ல போட்டா ஆறு மாசத்துக்குள்ள இன்னொரு நாட்ல போட்டாலும் மொத தேதியே செல்லும். அமெரிக்கால ஓஷன் டெலிகாம்னு ஒரு டம்மி கம்பெனி பேர்ல செப்டம்பர் 26 போட்டாங்க, கெடு முடிய ஒரே நாள் பாக்கி. 2007 ஜனவரில மேடைல ஃபோனக் காட்டறவரைக்கும் கமுக்கம். ஐபேடுக்கும் இதே வழிதான்.

கூவா_மணி:

அந்த ஆறு மாசம் செல்வாவுக்கும் உதவும்ல. செல்வா ப்ரோ, நான் மாங்கா ஊறுகா போடறேன், என் அனுபவம் ஒன்னு கேளுங்க. விண்ணப்பத்துல சரக்க வகை பிரிக்கற க்ளாஸ்னு ஒன்னு இருக்கு, மொத்தம் 45, சரக்குக்கு 34, சர்வீஸுக்கு 11. நான் சாஸு, சட்னி, ஊறுகா எல்லாம் ஒன்னுதானேன்னு 30லயே எழுதிட்டேன். அப்புறம் கடிதம் வருது, சாஸும் சட்னியும் 30, ஊறுகா 29ன்னு. பச்ச மிளகாயாவே வித்தா 31, காயவச்சு மசாலாப் பொடியா வித்தா திரும்ப 30! மிளகா அதே மிளகாதான், கத்தி பட்டா க்ளாஸ் மாறுது. ஒவ்வொரு க்ளாஸுக்கும் ஃபீஸ் ஏறும், அதனால இப்ப விக்கறதும் சீக்கிரமே விக்கப்போறதும் மட்டும் எழுதுங்க. ஒருதடவ போட்டபிறகு லிஸ்ட்ட சுருக்கலாம், பெருசாக்க முடியாது.

லோகோவ கலர்ல வரைஞ்சு அதமட்டும் பதியாதீங்க. மொதல்ல வெறும் எழுத்து, கறுப்பு வெள்ளை. நாளைக்கு லேபிள் டிசைன் மாத்தினாலும் பேரு கைல இருக்கும். பதிவு வர்ற வரைக்கும் வட்டத்துக்குள்ள ஆர் போடாதீங்க, பதியாதத பதிஞ்சதா காட்டறது குத்தம். டீஎம்னு போட்டுக்கலாம்.

சகுவானாஸ்_செல்வா:

எல்லாருக்கும் நன்றி. பேரு சரியில்லன்னதும் நேத்து ராத்திரி தூக்கமே இல்ல, வீட்டம்மா பேசவே இல்ல. காலைல எந்திரிச்சு, சரி தமிழ்ப் பேரா வச்சிடலாம், "காரசாரம்", இங்க எவனுக்குப் புரியப்போவுதுங்கறாங்க. ஓகேவா?

பழைய_குமாஸ்தா:

புரியப்போறதில்லன்னு நெனச்சுதான் இன்னொருத்தர் மாட்டினாரு. 2021ல ஹாலிவுட் நடிகர் மைக்கேல் பி ஜோர்டன் "ஜூவே"ன்னு ஒரு ரம் கொண்டுவந்தாரு. இங்க கார்னிவல் தொடங்கறதே விடியக்காலம் ஜூவே ஆட்டத்தோடதான், சின்னப் புள்ளக்கும் தெரியும். அமெரிக்கால கொடுத்த ட்ரேட்மார்க் விண்ணப்பத்துல அந்த வார்த்தைக்கு எந்த வெளிநாட்டு மொழிலயும் அர்த்தம் இல்லைன்னு எழுதியிருந்துச்சு! நிக்கி மினாஜ் வரைக்கும் பேசி, நம்ம மந்திரியும் கவலை தெரிவிச்சு, கடைசில மன்னிப்பு கேட்டு பேர மாத்தறேன்னுட்டாரு. அதனால தமிழ் வார்த்தைன்னா அர்த்தத்த நேரா எழுதிக் கொடுத்துருங்க. எழுதினா என்ன ஆகும்? காரசாரம்னா காரமும் ருசியும்னு வரும், திரும்ப சாஸ வர்ணிக்கறதுலயே வந்து நிக்கறோம்.

சாஸுக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கணும், அதுதான் பலமான மார்க். வீட்ல செல்லப் பேரு, மிருகம், பறவை, எதாச்சும். "மொருகா ஸ்கார்ப்பியன் பெப்பர் சாஸ்"ங்கறத கீழ சின்னதா எழுதிக்கோங்க, அத யாரும் தடுக்க மாட்டாங்க.

ஜார்ஜ்டவுன்_அக்கா:

செல்வா தம்பி, கயானாவுக்கு அனுப்பறேன்னீங்களே அதுக்காக எழுதறேன். கேரிகாம்னு கரீபியன் நாடுங்க கூட்டமைப்பா ஒன்னா இருந்தாலும் ட்ரேட்மார்க்குக்கு எல்லா நாட்டுக்கும் சேத்து ஒரே பதிவுன்னு கிடையாது, நாடு நாடா போடணும். ட்ரினிடாட் 2021 ஜனவரிலருந்து மாட்ரிட் புரோட்டோகால்ங்கற சர்வதேச ஒப்பந்தத்துல இருக்கு, அதனால உங்க உள்ளூர் விண்ணப்பத்த அடிப்படையா வச்சு ஒரே ஃபார்ம்ல பல நாட்டக் கேக்கலாம். கனடா 2019லருந்து அதுல இருக்கு, ஜமைக்கா 2022லருந்து. அடிப்படை ஃபீஸே 653 சுவிஸ் ஃபிராங்க், மார்க் கலர்ல இருந்தா 903, அதுக்கு மேல ஒவ்வொரு நாட்டுக்கும் தனி. டொரான்டோ மட்டும்தான்னா நேரடியா கனடால போடறது கட்டுப்படியாகுமான்னும் பாருங்க.

கயானா மாட்ரிட்ல இல்ல. இங்க வக்கீல் வச்சு தனியாத்தான் போடணும். இன்னொரு விசயம், மொத அஞ்சு வருசத்துக்குள்ள ட்ரினிடாட் பதிவு விழுந்துச்சுன்னா மாட்ரிட்ல வாங்கினதும் கூடவே சாயும். அதனால அந்த டிஸ்ட்ரிப்யூட்டர் பஞ்சாயத்து இருக்கற பேர வச்சு வெளிய போகாதீங்க, புதுப் பேரோட போங்க.

சகுவானாஸ்_செல்வா:

அப்டேட். தேடிப் பாத்தாச்சு, அந்த ஆளு ஒன்னுமே போடல! குமாஸ்தா அண்ணன் வாய்க்கு சர்க்கர போடணும். அவருக்கு வக்கீல் மூலமா ஒரு லெட்டர் போயிருக்கு, ரெண்டு லேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்த போட்டோவோட. இன்னும் பதில் இல்ல, ஆனா சான் பெர்னாண்டோ கடைல ஷெல்ஃப் காலி.

புதுப் பேரு "குருவி". எங்க பாட்டி வீட்டம்மாவ அப்படித்தான் கூப்பிடும். எழுத்து மட்டும், கறுப்பு வெள்ளை, க்ளாஸ் 30, அர்த்தம் சிட்டுக்குருவின்னு எழுதி விண்ணப்பம் கொடுத்தாச்சு.

டெக்_பிரபா:

ஸ்பேரோன்னாலும் குருவிதானே, கலிப்சோ பாடகர் மைட்டி ஸ்பேரோ பாட்ட போட்டுக்கிட்டே சாஸ் விக்கலாம் ப்ரோ, ஊரே வாங்கும் 😄

பழைய_குமாஸ்தா:

பாட்டு கேக்கறதோட நிறுத்திக்கோங்க, லேபிள்ல அந்த மனுசன் படத்தப் போட்டுராதீங்க, அது தனி வழக்கு. பழைய லேபிள் மிச்சம் இருந்தா தூக்கிப் போடாதீங்க, பிரச்சின முடியறவரைக்கும் வேணும்.

சகுவானாஸ்_செல்வா:

400 இருக்குண்ணே, பெட்டில கட்டி மேல வச்சாச்சு. புது லேபிள் பிரிண்டுக்குப் போவுது. வினிகர் ஸ்பெல்லிங்க நான் மூணு தடவ பாத்துட்டேன், இப்ப வீட்டம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு நாலாவது தடவ பாத்துட்டு இருக்காங்க.