பயங்கரவாதத்திற்குப் பின் அமெரிக்க நீதி

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்று உலகுக்குச் சொல்லிவந்த அமெரிக்கா, 2001 செப்டம்பர் 11 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அந்த நெறியைக் கைவிட்டுவிட்டதா என்று எங்கள் ஊர் வாசகசாலையில் மாணவர்கள் கேட்டனர். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செங்கோட்டை வழக்கறிஞர்:
ஐயா, முற்றிலும் கைவிடவில்லை. சட்டத்தின் கை எட்டாத ஓரிடத்தைத் தேடிக்கொண்டது. 1995இல் ஓக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற திமோத்தி மெக்வே, வழக்கமான நீதிமன்றத்தில் ஜூரிகளின் முன் விசாரிக்கப்பட்டார். ஆனால் 2002 ஜனவரியில் திறக்கப்பட்ட குவாண்டனாமோ என்ற அமெரிக்க ராணுவச் சிறையில் பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 780 பேரில் மிகப் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. இங்கே ஆரியங்காவைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் அதே அரசமைப்புச் சட்டம்தான் நம்மைக் காக்கிறது. அங்கோ, சிறை இருப்பது கியூபா மண்ணில் என்பதால் அந்தக் காப்பு கிடையாது என்று அரசு வாதிட்டது. அதை 2008இல், அங்கே அடைபட்டிருந்த பூமெதியன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நிராகரித்து, காவலில் வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தில் கேட்கும் ஆட்கொணர்வு மனு அவர்களுக்கும் உரியது என்றது. ஒரே வாக்கில் தப்பிய உரிமை என்பது எனக்கு இன்றும் அச்சம் தருகிறது.

குப்பம் மாணவி:
அப்படியானால், உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு நீதி கிடைத்ததா, ஐயா?

செங்கோட்டை வழக்கறிஞர்:
இல்லை, அம்மா. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் என்று குற்றம் சாட்டப்பட்டு, 2003இல் பிடிபட்ட காலித் ஷேக் முகமது மீதான விசாரணை 20 ஆண்டுகள் கடந்தும் முடியவில்லை. சித்திரவதைக்குப் பின் பெற்ற வாக்குமூலங்களை ஏற்கலாமா என்ற வாதமே அதில் பல ஆண்டுகளை விழுங்கியது.