நான்கு மாதக் குழந்தையுடன் மதுரையிலிருந்து டெல்லிக்கு: ரயிலா, விமானமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரசவத்திற்காகத் தாய் வீட்டுக்கு வந்த நான் இன்னும் மதுரையில்தான் இருக்கிறேன். மகனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. 14ஆம் வாரத் தடுப்பூசியும் போட்டாயிற்று. கணவர் டெல்லியில் பணிபுரிகிறார். அவருக்கு விடுப்பு கிடைக்காததால், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நானும் என் அம்மாவும் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமல் நிஜாமுதீன் வரை போய்விடலாம், ஆனால் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானம் என்றால் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் டெல்லி. பச்சைக் குழந்தைக்குக் காது வலிக்கும், விமானமே வேண்டாம் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். அம்மாவோ, இரண்டு நாள் ரயிலில் குழந்தைக்கு நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறார். இருவர் சொல்வதிலும் அக்கறை இருப்பதால் என்னால் எந்தப் பக்கமும் பேச முடியவில்லை.

மகன் தாய்ப்பால்தான் குடிக்கிறான்; இரவில் ஒரு வேளை மட்டும் மருத்துவர் சொன்னபடி பால் பவுடர் கரைத்துக் கொடுக்கிறேன். தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவான். இந்த வயதுக் குழந்தையோடு இவ்வளவு தூரம் போய் வந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மயூர்விஹார்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. டெல்லியில் குடியிருந்துகொண்டு ஊரில் பிள்ளை பெற்றுத் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒருமுறையாவது நின்று யோசிக்கும் இடம் இது. எங்கள் இரு பிள்ளைகளையும் கைக்குழந்தைப் பருவத்திலேயே ரயிலில் கொண்டுவந்தவள் என்ற முறையில், ஏறும் முன்பே சில காரியங்களை முடித்துவிட்டால் ரயில் தாராளமாகச் சரிப்படும் என்று சொல்வேன்.

முதல் காரியம் பயணச்சீட்டு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஓடுவதால் இடம் வேகமாகத் தீரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை. ஆனாலும் பதிவு செய்யும்போது குழந்தையின் பெயரையும் வயதையும் அதற்குரிய இடத்தில் சேர்த்துவிடுங்கள். குறைந்தது ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்யும்படி கேட்கும் தெரிவு ஒன்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தவறாமல் தேர்ந்தெடுங்கள். மேல் படுக்கை மட்டும் கிடைத்து, கைக்குழந்தையோடு இடம் மாற்றித் தரச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

பணம் சற்றுக் கூடினாலும் இரண்டடுக்கு ஏசியே எடுங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே திரைச்சீலை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு அந்தத் திரை எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பயணத்தின் முதல் பகலிலேயே தெரிந்துவிடும். மூன்றடுக்கில் திரை இல்லை; நடுப் படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம் என்பதால், பகலில் ஆறு பேரும் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். 2022 மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு சேர்ந்து மடித்து விரிக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்தினார்கள். அதை நம்பி எந்த ஏற்பாடும் செய்ய வேண்டாம்.

சென்னை போய் இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இரண்டு இரவு, நடுவில் ஒரே ஒரு பகல் என்பது அதன் நன்மை, மறுக்க மாட்டேன். ஆனால் மதுரை வண்டிகள் பெரும்பாலும் எழும்பூரில் நிற்கும், இந்த வண்டி சென்ட்ரலில் புறப்படும். பெட்டிகளையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்கள் நிலையம் மாறுவது எளிதன்று. அதோடு அந்த வண்டி டெல்லிக்கு வரும் நேரம் விடிகாலை. டிசம்பர் கடைசியில் ஆக்ராவுக்கு வடக்கே மூடுபனி இறங்கிவிட்டால் வண்டிகள் ஊர்ந்துதான் வரும். வெளியே கடுங்குளிராகவும் இருக்கும். திருக்குறள் எக்ஸ்பிரஸ் அந்த வட்டாரத்தைப் பகலில் கடந்து மாலையில் நிஜாமுதீன் சேர்கிறது. குழந்தைக்காகப் பார்த்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இருந்தாலும் தாமதத்துக்கு இடம் விட்டே மூட்டை கட்டுங்கள். டயப்பர், மாற்றுத் துணி, பால் பவுடர் மூன்றும் கணக்குக்கு மேல் ஒரு முழு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். இவற்றையெல்லாம் ஒரே பெரிய பையில் அடைக்காமல், ஒரு டயப்பர், ஒரு சட்டை, ஒரு துடைதுணி, பழைய செய்தித்தாள் ஒரு தாள், ஒரு காலி நெகிழிப் பை என்று ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவைத்தால், நள்ளிரவில் விளக்குப் போடாமலேயே கைக்கு அகப்படும். பயன்படுத்திய டயப்பரைக் கழிப்பறைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெட்டிகளில் இப்போது இருப்பவை உயிரிக் கழிப்பறைகள். ஒரு டயப்பர் அடைத்தாலும் அதன்பின் யாருக்கும் பயன்படாது.

சிசுநலச் செவிலியர் எழுதியது:

குழந்தைகள் பிரிவில் நீண்ட காலமாகப் பணிபுரிகிறேன். உங்கள் மாமியாரின் அச்சத்துக்கும் அம்மாவின் அச்சத்துக்கும் சேர்த்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

விமானம் தரையிறங்கத் தொடங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். நாம் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ காதைச் சரிசெய்துகொள்வது போலக் குழந்தையால் வேண்டுமென்று செய்ய முடியாது. பால் உறிஞ்சி விழுங்கும்போது அது தானாக நடந்துவிடும். தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பிருந்தே விமானம் இறங்கத் தொடங்கும் என்பதால், சக்கரம் தரையைத் தொடும்வரை காத்திராமல், அப்போதே மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் நான்கு மாதக் குழந்தையை விமானத்தில் அழைத்துச் செல்லலாம். ஆனால் சளியால் மூக்கடைத்திருந்தாலோ காதில் தொற்று இருந்தாலோ வலி கடுமையாக இருக்கும். அப்போது பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

ரயிலில் நோய் ஒட்டும் என்ற கவலையும் வீண் கவலை அன்று. குழந்தையைப் பார்த்ததும் பெட்டியில் இருப்பவர்கள் அன்போடு கை நீட்டுவார்கள், கன்னத்தைத் தொடுவார்கள். இருமல், சளி உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. இப்போதுதான் பால் குடித்தான் என்று பணிவாகச் சொன்னால் யாரும் வருந்த மாட்டார்கள். தூக்குபவர் நீங்களே ஆனாலும் முதலில் கை கழுவுங்கள்.

உணவைப் பொறுத்தவரை உங்களுக்குப் பாதிக் கவலை இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழியில் தண்ணீர்கூடத் தேவையில்லை. நீங்கள்தான் மறக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக அலுத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கும் தாய்மார் பலர். இரவில் கொடுக்கும் பவுடர் பாலை முன்கூட்டியே கரைத்து எடுத்துச் செல்லவே கூடாது. ஒரு வேளைக்கான பவுடரை உலர்ந்த சிறு டப்பியில் அளந்து வைத்துக்கொண்டு, கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துச் சென்று, வேண்டும்போது மட்டும் கரையுங்கள். 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுப்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை; பவுடரில் இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். பிளாஸ்க் நீர் ஆறிப்போனால் சமையல் பெட்டியில் கொதிநீர் கேட்டு வாங்குங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ரயிலில் புட்டியையும் ரப்பரையும் சுத்தமாகக் கழுவுவது மிகக் கடினம். பழக்கம் இருந்தால் பாலாடையை எடுத்துச் செல்லுங்கள். மூலை முடுக்கு இல்லாத பாத்திரம் என்பதால், சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிநீரில் அலசினால் வேலை முடிந்தது. இதுவரை பாலாடையில் குடித்ததில்லை என்றால் இப்போதே வீட்டில் பழக்குங்கள். ஓடும் வண்டியில் பழக்கினால் புரையேறும்.

வழியில் அழாமல் தூங்கட்டும் என்று சளி மருந்தைக் கொடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இந்த வயதில் அது மூச்சையே பாதிக்கக்கூடும். வசம்பு, கிரைப் வாட்டர் இரண்டும்கூட வேண்டாம். காய்ச்சல் மருந்தை, குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, வெப்பமானியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் உடல்நிலை சரியில்லாமல் போனால் 139 எண்ணை அழைத்தோ பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் சொல்லியோ அடுத்த பெரிய நிலையத்துக்கு மருத்துவரை வரச் சொல்லலாம். தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். தேசிய அட்டவணை அங்கேயும் இதேதான் என்பதால், 9 மாதத் தவணையை டெல்லியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

நெல்லைச்சீமை எழுதியது:

நான் விமானத்துக்கே வாக்களிக்கிறேன். அம்மாவும் நீங்களும் இரண்டு நாள் தூக்கம் கெட்டு இறங்குவதைவிட, மூன்று மணி நேரம் சிரமப்படுவது மேல். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில்தான் இருக்கும். அதற்கு ஒரு சிறு கட்டணமும், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் தேவை. குழந்தைக்கான பாலையும் கொதிநீரையும் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்கள்; தனியே எடுத்துக் காட்டினால் போதும். அம்மாவுக்கு முதல் பயணம் என்றால் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். உதவியாளர் ஒருவர் வாசல்வரை கூடவே வருவார்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய மூவருக்கும் நன்றி. நெல்லைச்சீமை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஆனால் நாங்கள் கொண்டுபோக வேண்டிய சாமான்கள் மிகுதி, அம்மாவும் ரயிலென்றால் தைரியமாக வருவேன் என்கிறார். செவிலியரின் பதிலை வாசித்துக் காட்டியதும் அவருடைய பயம் பெரிதும் தணிந்துவிட்டது. ஆகவே இரண்டடுக்கு ஏசியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் என்று முடிவு செய்திருக்கிறோம். பாலாடைப் பழக்கமும் தொடங்கிவிட்டது. தூளிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ரயிலில் சேலையைக் கட்டித் தொங்கவிடலாமா?

மயூர்விஹார்வாசி எழுதியது:

கட்டுகிறார்கள், நானும் கட்டியிருக்கிறேன். ஆனால் எப்படி, எப்போது என்பதில் கண்டிப்பு வேண்டும். எதிரெதிரே இருக்கும் இரண்டு மேல் படுக்கைகளின் சங்கிலிகளிலோ கம்பிகளிலோ நன்கு துவைத்த பழைய பருத்திச் சேலையைக் கட்டுங்கள். நைலானும் பட்டும் முடிச்சு நழுவும். தூளியின் அடி உங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். கட்டியதும் உங்கள் கையால் பலமாக அழுத்தி இழுத்துப் பார்த்த பிறகே குழந்தையைக் கிடத்துங்கள். வண்டி திடீரென்று பிரேக் போட்டால் தூளி வீசிப் போய்ப் படுக்கையின் விளிம்பில் மோதும் என்பதால், விழித்திருக்கும் ஒருவரின் கை எப்போதும் அதன்மீது இருக்க வேண்டும். அதனால் பகல் தூக்கத்துக்கு மட்டும் தூளி, இரவில் வேண்டாம். எதிர்ப் படுக்கைக்காரர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்களே ஒரு முனையைப் பிடித்துக் கட்டித் தருவார்கள்.

இரவில் கீழ்ப் படுக்கையின் சுவரோரம் குழந்தையை மல்லாத்திக் கிடத்தி, முகத்தருகே தலையணையோ ரயில் கம்பளியோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, நீங்களும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு விழித்திருங்கள். வண்டியின் தாலாட்டிலேயே தூங்கிவிடும் குழந்தைகள் உண்டு. உங்கள் மகனும் அப்படித் தூங்கிவிடக்கூடும்.

குளிர்த் துணிகளை அடிப்பெட்டியில் வைத்துவிடாதீர்கள். போபாலைத் தாண்டும் முன் ஒரு பருத்திச் சட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர், காலுறை என்று மாற்றிவிடுங்கள். குல்லாவும் கனத்த மேலாடையும் ஆக்ரா தாண்டி இறங்கும் நேரத்துக்குப் போதும். வெப்பமான பெட்டிக்குள் போட்டு மூடினால் வியர்த்து, இறங்கியதும் அந்த ஈரமே குளிரும். நிஜாமுதீனில் உங்கள் கணவரை நடைமேடைச் சீட்டு எடுத்துப் பெட்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். அவர் சாமான்களை இறக்கட்டும். கூட்டம் இறங்கி முடியும்வரை நீங்கள் குழந்தையோடு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். வண்டி அங்கேதான் நின்றுவிடும் என்பதால் அவசரம் இல்லை.